வெடிக்கு முந்திய இரண்டு நொடி

எங்கள் ஆபீஸில் ஒருநாள் டீ கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. "யார் உடைச்சது?" என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டோம். எங்களோடு வேலை பார்த்த மேடம் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "உடையறதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடி என்னாங்க நடந்துச்சு?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தோம். இரண்டு நொடிக்கு முன்னால் மேனேஜர் என்னைத் திட்டிக்கொண்டே மேஜையில் ஓங்கிக் குத்தியிருந்தார். கிளாஸ் அந்த மேஜையின் ஓரத்தில் இருந்தது. மேனேஜர் போய்த் துடைப்பம் எடுத்துவந்தார். அவர் துடைப்பம் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் மூன்று அறைகள் கொண்ட ஆபீஸ் அது. கட்டடம், பாலம், தண்ணீர் டேங்க், மோட்டார் என்று அதிர்கிற எதையும் அளந்து கொடுப்பது எங்கள் தொழில். அளப்பது அந்த மேடத்தின் வேலை. அறிக்கை எழுதுவது என் வேலை. எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனாலும் நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பம். லேப்டாப் பையை முதுகில் மாட்டாமல், கைக்குழந்தையைப் போல முன்னால் அணைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வருவார். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்பார்.

இந்த "முன்னாடி" அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதிர்வைப் பதிவு செய்கிற மென்பொருளில் ட்ரிகர் என்று ஒரு பக்கம் உண்டு. பதிவுப் பெட்டி நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும், எல்லாவற்றையும் எழுதிவைக்காது. அதிர்வு இந்த அளவைத் தாண்டினால் மட்டும் எழுது என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதோடு இன்னும் இரண்டு கட்டங்கள். ஒருமுறை எழுதி முடித்தபின் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கலாம் என்று ஒன்று. அளவைத் தாண்டுவதற்கு முன்னால் நடந்ததில் எத்தனை நொடியைச் சேர்த்து எழுத வேண்டும் என்று இன்னொன்று. எல்லாரும் முதல் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்புவோம். கடைசிக் கட்டத்தை இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அவருக்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர்.

"எதுவும் திடீர்னு ஆரம்பிக்காது சார். நாமதான் திடீர்னு பாக்கறோம்" என்பார்.

பௌர்ணமி அன்று ஒருமுறை கிரிவலக் கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஒரு பெண் பக்கத்தில் நின்ற ஆளைப் பளாரென்று அறைந்துவிட்டாள். பஸ்ஸே அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தது. சாமி பார்க்கப் போகிற இடத்தில் கை நீட்டலாமா, பெரிய மனுசனை அடிக்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நம் மேடம் லேப்டாப் பைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அறை விழறதுக்கு முன்னாடி இவரு கை எங்க இருந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். அவருடைய டிக்கெட் அதையும் தாண்டி அடி அண்ணாமலை வரைக்கும் இருந்ததாகக் கண்டக்டர் பிறகு சொன்னார்.

இப்படிப்பட்டவரோடு வேலை பார்ப்பது சுகம் என்று நினைக்க வேண்டாம். அவரிடம் யாரைப் பற்றியும் குறை சொல்ல முடியாது. என் அண்ணன் போனில் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டான் என்று ஒருநாள் ஆறுதல் தேடிப் போனேன். "அதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?" என்றார். நான் சொன்னதை அங்கே சொல்ல முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஒரு கல் குவாரி விஷயம் எங்களிடம் வந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். ஊருக்கு மேற்கே கல் குவாரி. பள்ளிக்கூட வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குவாரியில் வைக்கிற வெடியால் தன் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தார். சுவர் தானாக விரிந்தது, அஸ்திவாரம் சரியில்லை என்றது குவாரி. திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய ஒரு வாரம் அளந்து பார்ப்பது என்றும், அதை நாங்கள் செய்வது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஊரில் இன்னும் பதினைந்து இருபது வீடுகளில் விரிசல். எல்லாரும் இந்த ஒரு வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவர், அவர் மனைவி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற மகள் என்று மூன்று பேர். கூடத்துத் தரையில் அதிர்வைப் பிடிக்கிற சென்சாரைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஒட்டினேன். பார்க்கப் பூச்சி மருந்து டப்பா போல இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் பதிவுப் பெட்டிக்கு, அங்கிருந்து இன்னொன்று ஆபீஸ் லேப்டாப்புக்கு. ஒவ்வொரு பதிவுக்கும் லேப்டாப் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

முதல் நாளான திங்களன்று மேடம் வர மதியமாகும் என்பதால் ட்ரிகரை நான் வைத்தேன். அளவைக் கம்மியாக வைத்துவிட்டேன் போல. வீட்டுக்காரம்மா கூடத்தில் கால் வைத்தால் டிங். கிரைண்டர் ஓடினால் டிங், டிங், டிங். பூனை ஜன்னலிலிருந்து குதித்தால் டிங். அந்த அம்மாள் பயந்துபோய் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வாசலில் வரிசை கட்டி, ஆளுக்கு ஒரு குதி குதித்து டிங் வாங்கிக்கொண்டு போனார்கள். தலைவலி தாங்காமல், ஒரு பதிவுக்குப் பின் ஒரு நிமிடம் ஓய்வெடு என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஒரு மணிக்கு, வெடிக்கு முன் எச்சரிக்கையாகக் குவாரிச் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் வெடி. நான் சாப்பிட்ட கடையில் தண்ணீர் டம்ளர் ஆடியது. அடித்துப் பிடித்து ஓடிவந்தால் மேடம் வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சார், இதப் பாருங்க. சின்னச் சின்னதா நாலு மேடு, அப்புறம் மலை மாதிரி ஒண்ணு."

"அதுதான் மேடம் வெடி!" என்றார் வீட்டுக்காரர்.

"வெடி எங்கியாவது நடந்து வருமாங்க?"

வீட்டுக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"நாலு எட்டு நடந்து வந்து வெடிச்சிருக்குது. கொஞ்சம் இந்த ரூம்ல நடங்க, பாக்கலாம்" என்றார் மேடம் அவரிடம்.

"எனக்கு முட்டி வலிம்மா."

"முட்டி வலியா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "சங்கு ஊதனதும் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு டப்பா பக்கத்துல போயி தொம்முனு குதிச்சது யாரு?"

குவாரிக்காரன் வெடியைக் கம்மியாக வைத்துவிட்டால் என்ன செய்வது, ஒரு கை கொடுக்கலாம் என்று அவர் குதித்திருக்கிறார். அந்தக் குதியை எழுதிவைத்துவிட்டு, நான் சொன்னபடி பெட்டி ஒரு நிமிடம் ஓய்வெடுத்தது. நிஜ வெடி அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்து போய்விட்டது. ஊரே பயந்த வெடிக்கு எங்களிடம் ஒரு புள்ளிகூட இல்லை.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மேடம் என்னைத் திட்டவில்லை. "அந்த ஒரு நிமிஷத்தைப் போடறதுக்கு முன்னாடி என்ன சார் நெனச்சீங்க?" என்றார். சாம்பாரை நினைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். தோள் குலுங்கியது.

மறுநாள் காலை ஒத்திகை நடந்தது. அந்த வீட்டின் வாழ்க்கை முழுவதையும் ஒன்றரை மணி நேரத்தில் நடத்திக் காட்டச் சொன்னார் மேடம். "இப்ப கிரைண்டர் போடுங்கம்மா. நிறுத்துங்க. இப்ப பீரோவை அடிச்சி மூடுங்க. அம்மாவும் அய்யாவும் சண்டை போட்டா எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்க." சண்டை போட்டால் இவர் நடக்கவே மாட்டார், படுத்துக்கொள்வார் என்றார் மனைவி. சரி, படுங்கள் என்றார் மேடம். அவர் படுத்ததையும் அளந்தோம். மகள் கைபேசியில் பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தாள். இத்தனைக்கும் மேலே, அரசு அனுமதித்த அளவுக்கு ரொம்பக் கீழே, ஒரு கோட்டில் ட்ரிகரை வைத்தார். ஓய்வைச் சுத்தமாக எடுத்துவிட்டார். முன்னால் இரண்டு நொடி. டிங் நின்றது. வீட்டுக்காரம்மா பாதம் பதித்து நடந்தார்.

ஆனால் திங்கள் சாயங்காலமே குவாரி மேனேஜர் வந்து டப்பாவை ஒரு நோட்டம் விட்டுப் போயிருந்தார். செவ்வாய் முதல் சனி வரை வெடிகள் எல்லாம் சாது. தினமும் ஒரு மணிக்கு ஒரு சின்ன மேடு, அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையே மாறியது. "டப்பா அவங்க டப்பாவா இருக்கும்" என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு.

சனிக்கிழமை வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"மேடம், நாளைக்கு பாப்பாவைப் பொண்ணு பாக்க வராங்க. இத எடுத்துடலாமா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேச்சுங்க."

"ஞாயித்துக்கிழமை யாரும்மா வேலை பாப்பாங்க?"

"குவாரிக்காரங்களும் நம்மளப் பத்தி இப்படித்தான் நெனைப்பாங்க" என்றார் மேடம்.

ஞாயிறு பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சுவர் விரிசல் மேல் பெரிய காலண்டர் தொங்கியது. வந்தவர்களுக்குச் சொன்ன கணக்கில் மேடம் தூரத்துச் சொந்தம், கம்ப்யூட்டர் படித்தவர். நான் இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வந்தவன். மாப்பிள்ளையின் அம்மா தரையைப் பார்த்து, "இது என்னா, எறும்பு மருந்தா?" என்று கேட்டார். "ஆமாங்க, புது மாடல்" என்றார் வீட்டுக்காரர். மேடம் சமையலறை வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்து, வந்தவர்களிடம் "கொஞ்சம் மெல்ல உக்காருங்க" என்று ஒவ்வொருவராகச் சொன்னார். "அது எங்க வீட்டுப் பழக்கம்ங்க" என்று வீட்டுக்காரர் சமாளித்தார்.

கேசரி, பஜ்ஜி வந்தது. மகள் வந்து உட்கார்ந்தாள். அப்போது சங்கு ஊதியது. மாப்பிள்ளை நிமிர்ந்து, "என்னா சத்தம்?" என்றார்.

"மில்லு சங்குங்க. சாப்பாட்டு டைம்" என்றார் வீட்டுக்காரர் முகம் மாறாமல்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. நகை நட்டுப் பேச்செல்லாம் எடுக்கவில்லை. பெண்ணைப் பார்த்து, "நாங்க பேசறது இருக்கட்டும். நீயே சொல்லும்மா. எங்க பையனைப் பிடிச்சிருக்குதா?" என்று கேட்டார்.

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா வாய் திறந்தபடி இருந்தார். அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றார். மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். நானும் இன்வெர்ட்டருக்குள் தலையை விட்டபடி காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன். பெண் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள்.

வெடித்தது.

ஒரு வாரம் சேர்த்துவைத்ததை எல்லாம் சேர்த்து வெடித்தது. காலண்டர் விழுந்தது. விரிசல் இன்னும் ஒரு முழம் ஓடியது. மேலேயிருந்து பூச்சு பெயர்ந்து கேசரியில் கொட்டியது. மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டோடு எழுந்து, ஒரு தாவு, இரண்டு தாவு, டப்பாவுக்கு மேலாக மூன்று, வாசல்படியில் நான்கு என்று தாண்டி வெளியே போய்விட்டார். அம்மாவை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது அவருக்குக் காருக்குப் பக்கத்தில் போன பிறகுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்தே "அம்மா, வா!" என்று கூப்பிட்டார்.

டிங்.

அந்தக் களேபரத்தில் மேடம் எழுந்திருக்கவே இல்லை. "சார், வாங்க" என்றார். திரையில் இரண்டு நொடிக்கு ஒரு நேர்க்கோடு. பிறகு அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு ஒரு மலை. "முன்னாடி எவ்ளோ சுத்தமா இருக்குது பாருங்க. பதினேழு பேரு இருக்கற வீடு சார். ஒரு மூச்சுகூட இல்ல."

பத்து நாள் கழித்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ஓர் அதிகாரி முன்னால் விசாரணை. குவாரி மேனேஜர் எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டுத் தெம்பாக வந்திருந்தார்.

"சார், அன்னைக்கு அந்த வீட்ல அவ்ளோ பேரு. யாராவது குதிச்சிருப்பாங்க. வீட்டுக்காரரே மொத நாளு குதிச்சவரு. அவங்க அறிக்கையிலேயே இருக்குது."

இருந்தது. மேடம்தான் எழுதியிருந்தார். வேண்டாம் மேடம், கேஸ் கெட்டுப்போகும் என்று நான் கெஞ்சியும் கேட்காமல், திங்கட்கிழமைப் பதிவுக்கு நேரே 'வீட்டின் உரிமையாளர் குதித்தது' என்று கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அதிகாரி மேடத்தைப் பார்த்தார்.

"குதிக்கறவங்க நடந்து வந்துதான் குதிக்கணும் சார்" என்றார் மேடம். "திங்கக்கிழமைல பாருங்க, நாலு எட்டு இருக்குது. ஞாயித்துக்கிழமைல ஒண்ணுமில்ல. ரெண்டு செகண்டு யாரும் அசையல. சங்கு ஊதன நேரமும் சரியா இருக்குது."

"பன்னெண்டு பேரு விருந்தாளி வந்த வீட்ல எப்படிம்மா யாரும் அசையாம இருப்பாங்க?" என்றார் அதிகாரி.

"பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டாங்க சார். பதிலுக்காக எல்லாரும் காத்துனு இருந்தாங்க."

அதிகாரி காகிதத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். "சரி. மலைக்கு அப்புறம் பெருசா நாலு இருக்குதே, அது? அதுவும் வெடியா?"

"கீழ எழுதியிருக்கேன் சார்."

அவர் உரக்கப் படித்தார்: "இந்த நான்கும் வெடியால் வந்தவை அல்ல. வெடியால் ஓடியவரால் வந்தவை."

அறையில் முதலில் சிரித்தது குவாரி மேனேஜர்தான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "குவாரி மேல ஏத்திச் சொல்லணும்னா இந்த நாலையும் சேத்தே காட்டியிருக்கலாம். இவங்களே கழிச்சிட்டாங்க. இவரு குதிச்சதையும் எழுதிட்டாங்க. அப்புறம் மிச்சத்தை நான் எப்படி நம்பாம இருக்கறது?" என்று குவாரி மேனேஜரிடம் சொன்னார். வெடியின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், விரிசல் விட்ட வீடுகளைக் குவாரியே பூசிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது.

எழுந்து போகும்போது அதிகாரி தாங்கமாட்டாமல் திரும்பினார். "ஏம்மா, பொண்ணு என்னதான் சொல்லுச்சு?"

பின் வரிசையில் அப்பாவுக்குத் துணையாக வந்திருந்த மகளே எழுந்தாள். "திரும்பி வந்து கேட்டாதானே சார் சொல்றதுக்கு?"

மாடிப்படியில் வீட்டுக்காரர் மேடத்தை வழி மறித்தார். ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த கேள்வி.

"நமக்காகத்தானேம்மா குதிச்சேன்? அதையும் எழுதணுமா?"

"குதிச்சீங்கல்ல?"

"குதிச்சேன்."

"அப்புறம் எப்படிங்க எழுதாம இருக்கறது?"

அவர் நாலைந்து படி இறங்கினார். பிறகு, "பெருசா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"உங்க வயசுக்கு ரொம்பப் பெருசுங்க" என்றார் மேடம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

அந்த வருடக் கடைசியில் மேடம் தென்கடலோரம் எங்கோ காற்றாலைகளை அளக்கிற வேலைக்குப் போய்விட்டார். அவர் நாற்காலிக்கு ஒரு பையன் வந்தான். கிளாஸ் உடைந்தால் யார் உடைத்தது என்றுதான் அவன் கேட்கிறான். எங்கள் மேனேஜர் நிம்மதியாக இருக்கிறார்.

போன மாதம் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேலையாகப் போனபோது அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். மகளுக்குத் தன்னோடு வேலை பார்க்கிறவரோடு கல்யாணம் ஆகியிருந்தது. அந்த மருமகனும் அன்று வந்திருந்தார். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினார். காலண்டர் இருந்த இடத்தில் எங்கள் அறிக்கையில் திங்கள், ஞாயிறு பதிவுகள் இருந்த இரண்டு பக்கங்கள் கண்ணாடி போட்டுத் தொங்கின. யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டுவார் போல, விரல் தானாகப் போனது.

"இது குவாரி. இது அந்த ஓடிப்போனவரு. இது நான்."

மருமகன் இரண்டு பக்கத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, மூணுல உங்களுதுதான் ஜாஸ்தி" என்றார்.